எல்லைத் தூணும் எழுத்துப் பலகையும்: எல் பாசோவின் வரலாற்றுத் தடங்கள்

ஐக்கிய அமெரிக்காவையும் மெக்சிக்கோவையும் பிரிக்கும் எல்லையின் நீளம் ஏறத்தாழ 3,150 கிலோமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், எஞ்சியது மண். கடலிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றின் வழியே மேலேறி வருபவருக்கு எல் பாசோ நகரம்வரை அந்த ஆறே எல்லை. அங்கு ஆறு வடக்கே நியூ மெக்சிக்கோ மாநிலத்துக்குள் போய்விட, எல்லை ஆற்றைக் கைவிட்டுப் பாலைநிலத்தில் ஏறி, கோடு கிழித்தாற்போல் பசுபிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்கிறது. ஆற்றெல்லை முடிந்து மண்ணெல்லை தொடங்கும் அந்தப் புள்ளியில் வெள்ளை பூசிய கூர்நுனித் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் முதலாம் இலக்க எல்லைத் தூண். 1855 ஜனவரி 31ஆம் திகதி இரு நாடுகளின் நிலஅளவை ஆணையாளர்களான வில்லியம் எமொரியும் ஹொசே சலசார் இலாரெகியும் கூடி நின்று அதற்கு அடிக்கல் நாட்டினர்.

இந்த நகரத்தின் வரலாற்றைப் படிப்பவருக்கு, நட்ட இடத்தில் நின்றது இந்தத் தூண் ஒன்றுதானோ என்று எண்ணத் தோன்றும். ஆறு நகர்ந்தது. ஆற்றோடு நாடும் நகர்ந்தது. நகரின் பெயர்கூட நகர்ந்தது. ‘வடக்கின் கணவாய்’ என்று பொருள்படும் எல் பாசோ டெல் நோர்த்தே என்ற பெயர் முதலில் ஆற்றின் தென்கரையில் இருந்த ஊருக்கே உரியது. 1659இல் கார்சியா டி சான் பிரான்சிஸ்கோ என்ற பாதிரியார் குவாடலூப்பே மாதாவின் பெயரால் அங்கு ஒரு மறைத்தளத்தை அமைத்தார். 1888இல் அந்த ஊர் சியூடாட் ஹுவாரெஸ் ஆயிற்று, பெயர் வடகரைக்குரியதாகிவிட்டது. இன்று வடகரையில் 6 இலட்சத்து 80 ஆயிரம் பேரும் தென்கரையில் 15 இலட்சம் பேரும் வாழ்கின்றனர். வடகரையினரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஸ்பானிய மொழி மரபினர்.

இத்தகைய ஊரில் வரலாற்றைப் பலகையில் எழுதி நிறுத்துவது என்பது எளிய காரியமன்று.

டெக்சாஸ் மாநிலத்தவருக்கோ அதில் தீராத ஆர்வம். மாநிலத்தின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1936இல் நூற்றுக்கணக்கான கருங்கற்களை நாட்டினார்கள். 1962இல் முறையான வரலாற்றுப் பலகைத் திட்டம் ஆரம்பமாயிற்று. இன்று மாநிலம் முழுவதிலும் 16,000க்கும் மேற்பட்ட பலகைகள் உள்ளன. வார்ப்பு அலுமினியத் தகட்டில் புடைப்பெழுத்து. தெருவோரக் கம்பத்திலோ கட்டடச் சுவரிலோ பொருத்தப்பட்டிருக்கும். ஊரவர் ஒருவர் சான்றுகளுடன் கட்டுரை எழுதி மாவட்ட வரலாற்றுக் குழுவிடம் கொடுக்கவேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் அது மாநில வரலாற்று ஆணைக்குழுவுக்குப் போகும். இறுதி வாசகத்தை எழுதுவது ஆணைக்குழுவின் அலுவலர்கள். செலவைக் கேட்டவரே ஏற்கவேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் சம்மதிக்கவேண்டும். கட்டடமாயின் 50 ஆண்டும், நிகழ்ச்சியாயின் 30 ஆண்டும் கடந்திருக்கவேண்டும்.

பத்திரிகையில் செய்திகளைச் செப்பனிட்டே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த ஒழுங்கு எனக்கு நன்கு விளங்குகிறது. நூற்றைம்பது சொல்லுக்குள் ஒரு வாழ்க்கையை அடக்கவேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது எது என்பதும் தெரிகிறது. ஆனால் நான் கவலைப்படுவது சொல்லெண்ணிக்கை பற்றியன்று. செலவு செய்யப் பணம், சம்மதிக்க ஒரு நிலச்சொந்தக்காரர், பலகையைத் தாங்க ஓர் இடம் என்ற மூன்றும் இருப்பவர்களின் வரலாறே முதலில் உலோகத்தில் ஏறும். இந்நகரிலோ ஏழைகளின் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு வந்துள்ளன. ஆணி அறையச் சுவரே மிஞ்சாதவர்களின் கதை எங்கே தொங்கும்?

மிகப் பழைய கதையிலிருந்து தொடங்குவோம். 1598ஆம் ஆண்டு ஹுவான் டி ஓன்யாத்தே என்பவர் நூற்றுக்கணக்கான குடியேறிகளோடும் ஆயிரக்கணக்கான கால்நடைகளோடும் மெக்சிக்கோவிலிருந்து வடக்கே புறப்பட்டார். பாலையிற் தண்ணீரின்றித் தவித்து ஆற்றங்கரையை அடைந்த அவர்கள், ஏப்ரல் 30ஆம் திகதி பூசைவைத்து விருந்துண்டு, வடக்கிலுள்ள நிலமனைத்தும் ஸ்பானிய மன்னருடையது என்று பிரகடனம் செய்தனர். அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் நன்றி நவிலல் விருந்து 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயர் நடத்தியதன் நினைவு. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் மண்ணில் அது நடந்துவிட்டது என்பது எல் பாசோக்காரரின் வாதம். நகருக்குக் கீழேயுள்ள சான் எலிசாரியோ என்ற ஊரில் 1989 முதல் இதை நடித்தும் காட்டுகிறார்கள்.

வடக்கே போன ஓன்யாத்தே என்ன செய்தார் என்பது இந்த விருந்துக் கதையில் வருவதில்லை. 1599 ஜனவரியில் அவருடைய படை, உயர்ந்த பாறைமேல் அமைந்த அக்கோமா என்ற ஆதிக்குடிகளின் ஊரைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிடிபட்டவர்களில் 25 வயதைக் கடந்த ஆண்களுக்கு ஒரு பாதத்தைத் துண்டிக்குமாறும், அவர்கள் 20 ஆண்டுகள் அடிமை ஊழியம் செய்யுமாறும் தீர்ப்பளித்தார். கொடுமைகளுக்காக 1614இல் ஸ்பானிய அரசே அவரைக் குற்றவாளியாகக் கண்டு நாடுகடத்தியது.

அவருக்கு எல் பாசோ மாநகர சபை சிலை வைக்கத் தீர்மானித்தது. சிற்பி ஜோன் ஹவுசர் பல ஆண்டுகள் பாடுபட்டு வடித்தார். முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் ஓன்யாத்தே. உயரம் ஏறக்குறைய 11 மீற்றர். அக்கோமா மக்கள் மாநகர சபைக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 2003இல் சபை ஓர் உபாயம் கண்டது. சிலையின் பெயரை ‘குதிரைவீரன்’ என்று மாற்றியது. நகர நடுவில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, 2007இல் விமான நிலைய வாசலில் நிறுத்தியது. ஆளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அழிப்பது என்பது அரசியல்வாதிகளுக்கே தோன்றக்கூடிய யோசனை. 2020 ஜூன் மாதத்தில் யாரோ அதன்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். நியூ மெக்சிக்கோவில் இதே மனிதருக்கு வைக்கப்பட்டிருந்த வேறொரு சிலையின் வலது பாதம், அவர் வந்து 400 ஆண்டு நிறையும் தறுவாயில் ஓரிரவில் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது.

ஓன்யாத்தே அமைத்த ஆட்சியை 1680இல் ஆதிக்குடிகள் ஒன்றுபட்டுக் கிளர்ந்து விரட்டினர். தோற்றோடிய ஸ்பானியரோடு டீவா, பீரோ இன மக்களும் தெற்கே எல் பாசோவுக்கு வந்தனர். சிலர் விருப்பத்தோடு வந்தவர்கள். 1681-82இல் ஆளுநர் ஒத்தர்மின் மறுபடி படையெடுத்துத் திரும்பியபோது இஸ்லெட்டா என்ற ஊரிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். இவர்களுக்காகவே இஸ்லெட்டா, சொக்கோறோ மறைத்தளங்கள் தோன்றின. டெக்சாஸ் மாநிலத்திலேயே மிகப் பழைய தொடர்ச்சியான குடியிருப்பு இஸ்லெட்டா என்று பெருமையோடு சொல்லப்படுகிறது. அது தொடங்கியபோது டெக்சாஸ் என்ற மாநிலமும் இல்லை, ஐக்கிய அமெரிக்கா என்ற நாடும் இல்லை.

இந்த ஊர்கள் எல்லாம் முதலில் ஆற்றின் தென்கரையில் இருந்தவை. 1829ஆம் ஆண்டளவில் பெருவெள்ளம் வந்தது. சொக்கோறோவின் தேவாலயத்தை அடித்துக்கொண்டு போனது. ஆறு பழைய தடத்தை விட்டுத் தெற்கே புதுத்தடம் பிடித்தது. இஸ்லெட்டா, சொக்கோறோ, சான் எலிசாரியோ மூன்றும் இரு தடங்களுக்கும் நடுவே தீவாயின. 1848இல் போர் முடிந்து ஆற்றின் ஆழமான ஓட்டமே எல்லை என்று உடன்படிக்கை எழுதப்பட்டபோது, ஆழம் எந்தத் தடத்தில் என்று பார்த்தார்கள். தெற்குத் தடத்தில்! ஒரு வெள்ளத்தின் காரணமாக மூன்று ஊர் மக்கள், உறங்கிய பாயிலிருந்து எழும்பாமலே அமெரிக்கர் ஆயினர். எல்லையைக் கடந்து வந்தவர்கள் என்று பின்னாளில் இம்மக்களைப் பார்த்துச் சொன்னவர்கள், எல்லைதான் இவர்களைக் கடந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. சொக்கோறோவில் 1843இல் மறுபடி எழுப்பிய தேவாலயத்தின் கூரையில், வெள்ளத்துக்குத் தப்பிய பழைய கோயிலின் வர்ணந்தீட்டிய உத்தரங்களையே எடுத்து வைத்துக் கட்டினார்கள். அவை இன்றும் உள்ளன. எந்தப் பலகையிலும் அடங்காத ஆவணம் அந்த மரங்கள்.

டீவா மக்களுக்கு 1751இல் ஸ்பானிய மன்னர் வழங்கிய 36 சதுர மைல் நிலம் இருந்தது. 1871இல் டெக்சாஸ் சட்டமன்றம் இஸ்லெட்டாவை நகராக்கிச் சட்டமியற்றியது. சில ஆண்டுகளில் சட்டம் நீக்கப்பட்டபோது நிலம் வேறு கைகளுக்குப் போய்விட்டிருந்தது. 1955இல் எல் பாசோ மாநகரம் இஸ்லெட்டாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. டீவா என்ற இனம் இருக்கிறது என்று மாநிலம் ஒப்புக்கொண்டது 1967இல். மத்திய அரசு 1968இல். தங்கள் நிலத்தில் எத்தகைய சூதாட்டம் நடத்தலாம் என்ற வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பழம்பெருமை பேசும்போது முன்னே நிறுத்தப்பட்டவர்கள், உரிமை பேசும்போது நீதிமன்ற வாசலில் ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்து நின்றார்கள்.

சான் எலிசாரியோவின் கதை இதனினும் கசப்பானது. அந்த ஊரின் பழைய சிறைச்சாலையில் ‘பில்லி த கிட்’ என்ற துப்பாக்கிக்காரன் தன் நண்பனை மீட்டான் என்பது சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை. உண்மையோ பொய்யோ, படம் எடுத்துக்கொள்ள உதவுகிறது. ஊரைப் புரட்டிப்போட்டது வேறொன்று: உப்பு. ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 மைலுக்கு அப்பால் குவாடலூப்பே மலையடிவாரத்தில் உப்பேரிகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக மக்கள் மாட்டு வண்டி கட்டிப் போய், பாலையில் பல நாள் பயணித்து, உப்பு அள்ளிவந்தனர். அதற்கு எவரும் காசு கேட்டதில்லை, அது பொதுச்சொத்து. புதிய சட்டத்தில் அப்படியொரு சொத்து இல்லை. சார்ள்ஸ் ஹவார்ட் என்ற வழக்கறிஞர் உப்பேரிகளைத் தம் மாமனார் பெயரில் பதிவுசெய்துகொண்டார். 1877இல், உப்பள்ளப் போவோம் என்று சொன்ன இருவர் கைதாயினர். ஊர் கொதித்தெழுந்தது. ஹவார்ட்டைப் பிடித்து உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டது. அவர் போய், மக்கள் பக்கம் நின்ற லூயி கார்டிஸ் என்ற அரசியல்வாதியை ஒக்டோபர் 10ஆம் திகதி கடையொன்றுக்குள் சுட்டுக் கொன்றார்.

டிசம்பரில் ஹவார்ட் திரும்பி வந்தபோது அவருக்குக் காவலாக வந்த டெக்சாஸ் ரேஞ்சர் படையினரை ஊரவர் முற்றுகையிட்டனர். சில நாட்களில் ரேஞ்சர்கள் ஆயுதங்களை ஒப்படைத்தனர். தோல்வியையே அறியாதவர்கள் என்று பாடப்பட்ட அந்தப் படை சரணடைந்த ஒரே சந்தர்ப்பம் இதுவென்று எழுதுவார்கள். டிசம்பர் 17ஆம் திகதி ஹவார்ட்டும் அவருடைய ஆட்கள் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் வந்தது பழிவாங்கல். அரச தரப்பிலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆயுதக்காரர் தரப்பிலும் நடந்த கொலைக்கும் கொள்ளைக்கும் அஞ்சிப் பெருந்தொகையானோர் ஆற்றைக் கடந்து மெக்சிக்கோவுக்கு ஓடினர். 1850இல் மாவட்டத் தலைநகராயிருந்த ஊர் அதன்பின் தலைநிமிரவில்லை. 1881இல் வந்த புகையிரதப் பாதையும் அதை ஒதுக்கிவிட்டு எல் பாசோவுக்குப் போனது. நெடுங்காலம் இதற்கு வரலாற்று நூல்கள் இட்ட பெயர் ‘உப்புக் கலகம்’. பொதுச்சொத்தைப் பதிவுசெய்துகொண்ட செயலுக்குத் தனிப்பெயர் ஏதும் சூட்டப்படவில்லை.

புகையிரதம் கொண்டுவந்தவர்களில் சீனத் தொழிலாளர் ஒரு கூட்டத்தினர். தண்டவாளம் போட்டு முடிந்ததும் நகரில் தங்கிச் சலவைக் கடைகளும் உணவகங்களும் நடத்தினர். 1882இல் சீனர் நுழைவைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அவர்களுடைய குடியிருப்பு அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பது கொன்கோர்டியா மயானத்தில் மதிலால் பிரிக்கப்பட்ட ஒரு பகுதி. 52 ஏக்கர் பரப்பில் ஏறக்குறைய 60,000 பேர் அடங்கிய மயானம் அது. ஆயினும் வருகிறவர்கள் தேடிப்போவது ஜோன் வெஸ்லி ஹார்டின் என்ற கொலைகாரரின் கல்லறையை. 1895 ஓகஸ்ட் 19ஆம் திகதி மதுக்கடையொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். நூறு ஆண்டு கழித்து, 1995இல், அவருடைய எலும்புகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக வெளியூரார் வந்தபோது எல் பாசோக்காரர் மறித்து நின்றார்கள். இப்போது அந்தக் கல்லறைக்கு இரும்புக் கூண்டு போடப்பட்டிருக்கிறது. உயிரோடு இருந்தபோது அடைத்திருக்க வேண்டியவரைச் செத்தபின் அடைத்திருக்கிறார்கள்!

மெக்சிக்கோப் புரட்சிக் காலத்தில் எல் பாசோ ஒரு பார்வையாளர் மண்டபமாயிற்று. பிரான்சிஸ்கோ மதேரோ தம் தலைமையகத்தை முதலாம் இலக்கத் தூணுக்கு அருகில் ஒரு மண்வீட்டில் அமைத்திருந்தார். 1911 மே 8 முதல் 10 வரை ஹுவாரெஸ் நகருக்காகச் சண்டை நடந்தபோது, வடகரை மக்கள் கூரைகளிலும் புகையிரதப் பெட்டிகளின் மேலும் ஏறி நின்று பார்த்தனர். அப்படிப் பார்த்தவர்களிலும் வழியிற் போனவர்களிலும் சிலர் தவறிவந்த குண்டுகளுக்குப் பலியாயினர். அதே மாதம் போர்ஃபீரியோ டீயாஸ் பதவி துறந்தார்.

பத்திரிகைக்காரனாகிய எனக்கு இந்நகரில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அது ஒரு பழைய பத்திரிகையின் பெயர்: எல் பாசோ டெல் நோர்த்தே. வில்லாவின் படையில் மருத்துவராயிருந்த மரியானோ அசுவேலா, படை சிதறியபின் 1915இல் அகதியாக இங்கு வந்தார். கையில் ஒரு கைப்பிரதி. ‘லொஸ் டி அபாஹோ’, அதாவது ‘கீழேயுள்ளோர்’ என்ற அந்த நாவலை இப்பத்திரிகை 1915 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடராக வெளியிட்டது. பத்தாண்டு கழித்தே மெக்சிக்கோ அதைக் கண்டுகொண்டது. இன்று புரட்சி பற்றிய நாவல்களில் முதலிடம் அதற்கு. புலம்பெயர்ந்தோர் நடத்திய சிறு பத்திரிகை ஒன்றில் பெரும் இலக்கியம் ஒன்று பிறப்பது எப்படியென்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் புரட்சிக் கதைகளுக்குப் பலகைகளும் வழிகாட்டிப் பயணங்களும் வந்தன. ஆனால் 1917 ஜனவரி 28ஆம் திகதி சாண்டா ஃபே பாலத்தில் நடந்தது நெடுங்காலம் வெளியே பேசப்படவில்லை. அப்போதைய மாநகர முதல்வர் டொம் லீ. தைபஸ் காய்ச்சல் மெக்சிக்கோவிலிருந்து பேன் வழியே வந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு. பாலத்தைக் கடந்து வேலைக்கு வரும் மெக்சிக்கர்களின் உடைகளைக் களைந்து ஆவியில் அவிக்கவும், அவர்களைப் பெற்றோலிய எண்ணெய் கலந்த மருந்தில் குளிக்கவைக்கவும் ஏற்பாடாயிற்று. முந்திய ஆண்டு மார்ச் மாதம், நகரச் சிறையில் கைதிகளை இவ்வாறு எண்ணெயிற் குளிப்பாட்டியபோது தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டிருந்தனர். அந்தச் செய்தி எல்லோர் மனதிலும் இருந்தது. குளிக்கும் பெண்களை அலுவலர்கள் படம்பிடிக்கிறார்கள் என்ற பேச்சும் பரவியிருந்தது. அன்று காலை டிராமில் வந்த கார்மெலிட்டா டொறெஸ் என்ற 17 வயது வீட்டுப் பணிப்பெண் இறங்கிக் குளிக்க மறுத்தாள். உடன்வந்த பெண்கள் அவளோடு சேர்ந்தனர். நண்பகலுக்குள் ஆயிரக்கணக்கானோர் பாலத்தை மறித்துவிட்டனர். டிராம்கள் நின்றன, கல்லெறி நடந்தது. அடுத்த நாட்களில் படையினர் கலைத்தனர். கார்மெலிட்டா கைதானாள். அதன்பின் அவள் என்னவானாள் என்பதற்குப் பதிவேதும் இல்லை. எல்லையில் இக்குளியல் பல பத்தாண்டுகள் நீடித்தது.

மாநகர முதல்வரின் மகன் பெயரும் டொம் லீ. அவர் புகழ்பெற்ற ஓவியர். 1938இல் நகரின் மத்திய நீதிமன்றக் கட்டடச் சுவரில் ‘வடக்கின் கணவாய்’ என்ற மாபெரும் சுவரோவியத்தை வரைந்தார். அது பேணிக் காக்கப்படுகிறது, காக்கப்படவேண்டியதே. பணிப்பெண்ணின் கதையோ 2005இல் டேவிட் ரொமோ என்ற உள்ளூர் ஆய்வாளர் பழைய பத்திரிகைகளையும் அரச ஆவணங்களையும் கிளறி நூலெழுதிய பின்னரே பரவலாகத் தெரியவந்தது.

மருத்துவர் லோறன்ஸ் நிக்ஸனின் கதையும் ஓரளவு இத்தகையதே. 1924இல் வாக்கு வரிச் சீட்டோடு வாக்களிக்கப் போன அந்தக் கறுப்பினத்தவரை, ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தல் வெள்ளையருக்கு மட்டுமே என்று திருப்பி அனுப்பினர். அவர் உச்ச நீதிமன்றம்வரை சென்று 1927இலும் 1932இலும் வென்றார். இருமுறையும் மாநிலம் புதிய தந்திரம் கண்டது. அவர் வாக்களித்தது 1944இல்.

இனிச் சமிசால். இந்நகரின் வரலாற்றில் எனக்கு எல்லாவற்றிலும் சிக்கலானதாகத் தோன்றுவது இதுதான். 1864இல் ரியோ கிராண்டே மறுபடி தெற்கே பாய்ந்தது. மெக்சிக்கோவின் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் வடகரையில் அகப்பட்டுக்கொண்டது. ஆறு மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் நகரும், திடீரென்று பாய்ந்தால் நகராது என்பது சர்வதேசச் சட்டம். ஆறு மெல்ல நகர்ந்ததா, பாய்ந்ததா என்று இரு அரசுகளும் நூறு ஆண்டு வாதாடின. 1911இல் கனேடிய நீதியறிஞர் ஒருவர் தலைமையில் நடுவர் மன்றம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்கா ஏற்க மறுத்தது. 1909இல் ஜனாதிபதிகள் டாஃப்ட்டும் டீயாஸும் இங்கு சந்தித்தபோது, அந்நிலத்தில் இருவர் கொடியும் பறக்கக்கூடாது என்று உடன்பட வேண்டியிருந்தது.

1962இல் ஜனாதிபதி கென்னடி மெக்சிக்கோ சென்று பேசியதன் பலனாக 1963 ஓகஸ்ட் 29ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மெக்சிக்கோவுக்கு நிகரமாக 437 ஏக்கர் கிடைத்தது. ஆறு இனிமேல் குறும்பு செய்யாதபடி ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கொங்கிறீற் வாய்க்கால் கட்டி, 1968 டிசம்பர் 13ஆம் திகதி ஜோன்சனும் டீயாஸ் ஓர்டாஸும் சேர்ந்து தண்ணீரைத் திருப்பிவிட்டனர். நூறாண்டுப் பிணக்கு ஒரு துப்பாக்கி வெடியின்றித் தீர்ந்தது. வல்லரசொன்று நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று. அதன் நினைவாகச் சமிசால் தேசிய நினைவகம் அழகான பூங்காவாக உள்ளது. பழைய எல்லைத் தூண் ஒன்றும் அங்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது.

அந்த நிலத்தில் ஏறக்குறைய 5,600 பேர் குடியிருந்தனர். பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளி அமெரிக்கர். சொந்த வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, போர்களுக்கு ஆண்மக்களைக் கொடுத்த குடும்பங்கள். வீட்டுக்கு விலை கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். அயலவர்கள் நகரெங்கும் சிதறினர். உடன்படிக்கையின் நினைவாக விழா எடுக்கும்போதெல்லாம் இரண்டு ஜனாதிபதிகள் கைகுலுக்கும் படம் வருகிறது. இந்தக் குடும்பங்களின் நினைவுகளைப் பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளிலும் உறவினர் கூட்டங்களிலுமே கேட்கமுடியும். உடன்படிக்கை நியாயமானதே என்பது என் கருத்து. நியாயத்தின் விலையைச் செலுத்தியவர்களின் பெயர் இரண்டாம் பந்தியில் வருவதுதான் நெருடுகிறது.

1887இல் நகரின் மேற்கே ஆற்றோரத்தில் தொடங்கிய உலோக உருக்காலையின் கீழே ‘லா எஸ்மெல்டா’ என்ற தொழிலாளர் ஊர் வளர்ந்தது. நிலம் கம்பனியுடையது, வீடுகள் தொழிலாளருடையவை. 1970களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஆபத்தான அளவு இருப்பது தெரியவந்தது. தீர்வு? ஊரையே இடித்தார்கள், உருக்காலை தொடர்ந்து இயங்கியது. 1973அளவில் வெறும் நிலம். உருக்காலை 1999இல் மூடப்பட்டது. அதன் 828 அடி உயரப் புகைபோக்கியை நகரின் அடையாளமாகக் காக்கவேண்டும் என்று ஒரு சாரார் போராடினர். 2013 ஏப்ரல் 13ஆம் திகதி விடியற்காலையில் அதுவும் சில கணங்களில் சாய்ந்தது. நஞ்சைக் கக்கியதைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். சொல்லலாம் என்றே நான் நினைக்கிறேன். அண்ணாந்து பார்த்து இன்னதுதான் எங்கள் பிள்ளைகளைக் கெடுத்தது என்று சுட்டிக்காட்ட ஏதாவது நிற்கவேண்டும். இப்போது எஸ்மெல்டாவின் அடையாளமாக ஒரு மயானமும், அவ்வூர்ப் பங்கு மக்கள் 1934இல் பாதை வெட்டி ஏறிச் சிலுவை நாட்டிய கிறிஸ்து ராஜா மலையும் மட்டும் உண்டு.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. உருக்காலையிலிருந்து அதிக தூரமில்லாத பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் யாவும் பூட்டான் நாட்டுப் பாணியில் அமைந்தவை. 1916இல் முதற்கட்டடம் எரிந்தபின், கல்லூரித் தலைவரின் மனைவி ஒரு சஞ்சிகையில் பூட்டானின் படங்களைப் பார்த்து, மலையடிவாரத்துக்கு இதுவே பொருந்தும் என்றாராம். சாய்ந்த சுவர், அகன்ற கூரை, செங்கல் வரிக்கோலம் என்று நூறு ஆண்டாக அப்படியே கட்டி வருகிறார்கள். சிவாவா பாலைநிலத்தில் இமயமலை! இரவல் பாரம்பரியமும் நூறாண்டு பேணினால் சொந்தமாகிவிடும் போலும். 1966இல் ஐந்து கறுப்பின வீரர்களை முதல் ஐவராக இறக்கித் தேசியக் கூடைப்பந்துக் கிண்ணத்தை வென்றதும் இந்தக் கல்லூரியே.

சொந்தப் பாரம்பரியத்துக்கு என்ன நேர்கிறது என்பதற்கு துராங்கிட்டோ சாட்சி. 1859இல் அன்சன் மில்ஸ் வரைபடம் போட்டுப் பிரித்த நகரின் முதற்பகுதி அது. 2012இல் வாக்காளர்கள் கலாசார, கலை நிகழ்ச்சிகளுக்கான மண்டபமொன்றுக்கு 180 மில்லியன் டொலர் கடனுக்குச் சம்மதித்தனர். 2016இல் மாநகர சபை அதற்கென்று துராங்கிட்டோவைத் தெரிவுசெய்தது. பழைய வீடுகளை இடிக்கக்கூடாது என்று வழக்குகள் போடப்பட்டன. 2017 செப்டெம்பர் 12ஆம் திகதி அதிகாலையில் இயந்திரங்கள் வந்து சுவர்களில் ஓட்டை போட்டன. நீதிமன்றம் தடுத்ததால் பாதியில் நின்றன. மூளியாகிய கட்டடங்கள் வேலியடைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நின்றன. குடியிருந்தவர்களிற் பெரும்பாலோர் போய்விட்டிருந்தனர். 2021இல் நகர மையம் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2023 ஜனவரியில் மாநகர சபை, மண்டபத்தை அங்கு கட்டும் எண்ணத்தைக் கைவிட்டது. சுவர் மிஞ்சியது, மனிதர் மிஞ்சவில்லை.

மாநில ஆணைக்குழுவுக்கும் இந்தக் குறை புரிந்திருக்கிறது. சொல்லாமல் விடப்பட்ட வரலாறுகளுக்கென்று தனியாக ஒரு பலகை வரிசையை அது ஆரம்பித்திருக்கிறது. மற்ற விண்ணப்பங்களின் கட்டணத்திலிருந்து இவற்றுக்குச் செலவிடுகிறார்கள். பணமில்லாதவருக்கும் பலகை கிடைக்க இது வழி. மத்திய அரசும் 2023 டிசம்பரில், மெக்சிக்க விவசாயக் கூலிகளை 1951 முதல் 1964 வரை வரவேற்று, மருந்தடித்து, பண்ணைகளுக்குப் பகிர்ந்தனுப்பிய சொக்கோறோ ரியோ விஸ்டா நிலையத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதன் மண்சுவர்கள் தற்செயலாக இடிபடாமல் இருந்ததால் இது முடிந்தது.

2019 ஓகஸ்ட் 3ஆம் திகதி டலஸ் நகருக்கு அருகிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் வாகனம் ஓட்டிவந்த ஓர் இளைஞன், எல் பாசோவின் வோல்மார்ட் கடையில் 23 பேரின் உயிரைப் பறித்தான். ஸ்பானிய இனத்தவர் டெக்சாஸ் மீது படையெடுக்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டு வந்தவன் அவன். 1682 முதல் மக்கள் அதே மண்ணில் குடியிருக்கும் ஊருக்கு அவன் வந்திருந்தான். கடையின் வாகனத் தரிப்பிடத்தில் அதே ஆண்டு நவம்பரில் 30 அடி உயர மெழுகுதிரி வடிவில் நினைவுத் தூண் ஒன்று எழுப்பப்பட்டது. துளையிட்ட அலுமினியத் தகடுகளாலான 22 வளைவுகள் ஒன்றாகச் சேர்ந்து அத்தூணாகின்றன. அப்போது இறந்தோர் தொகை 22. இருபத்துமூன்றாமவர் எட்டு மாதங்களுக்குமேல் வைத்தியசாலையில் போராடி 2020 ஏப்ரலில் காலமானார். மாநிலத்தின் வழமையான 30 ஆண்டு விதிப்படி இந்த நிகழ்ச்சிக்கு வரலாற்றுப் பலகை கோரக்கூடிய முதல் ஆண்டு 2049.